கர்ப்பப்பை எடுத்த பிறகு: ஆறு வாரத்தில் எது ஆறும், எது ஆறாது?

உங்கள் நிலை இது என்று புரிந்துகொள்கிறேன். வயது 44. ஃபைப்ராய்டு கட்டிகளால் இரண்டு வருடமாக அதிக உதிரப்போக்கு. வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையையும் அதன் வாயையும் எடுத்துவிட்டார்கள். சினைப்பைகள் இரண்டையும் விட்டுவைத்திருக்கிறார்கள். ஐந்து வாரம் ஆகிறது. "ஆறு வாரத்தில் பழையபடி ஆகிவிடலாம்" என்று சொல்லி அனுப்பினார்கள். ஆனால் மதியம் வந்தால் படுக்காமல் முடியவில்லை, வயிறு உப்பிக்கொண்டே இருக்கிறது, காரணம் தெரியாமல் அழுகை வருகிறது, சில இரவுகளில் வியர்த்துக்கொட்டி எழுந்து உட்காருகிறீர்கள். தாம்பத்தியத்தை நினைத்தால் பயம். நாள் முழுக்க நிற்கிற வேலை, அதற்கும் திரும்ப வேண்டும். இனி வாழ்க்கை இப்படித்தானா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இல்லை. அறுவை சிகிச்சை முடிந்த பெண்களைக் கவனிக்கும் பிரிவில் நெடுங்காலம் செவிலியராக இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், ஐந்தாவது வாரத்தில் நீங்கள் சொல்லும் இந்த நிலை வழக்கமானதுதான். "ஆறு வாரம்" என்று சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை, ஆனால் எதற்கு ஆறு வாரம் என்று விளக்காமல் விட்டுவிட்டார்கள். அது தையலுக்கான கணக்கு. இரத்தமும் தெம்பும் ஹார்மோனும் மனமும் அந்தக் கணக்கில் வராது.

தையலை முதலில் முடித்துவிடுவோம். வெளியே தெரியும் தோல் பத்து நாளில் ஒட்டிவிடும். அதைப் பார்த்துவிட்டுத்தான் "நல்லாத்தானே இருக்கே" என்று வீட்டில் சொல்வார்கள். தோலுக்குக் கீழே தசையைப் போர்த்தியிருக்கும் கெட்டியான உறையையும் வெட்டித்தான் தைத்திருக்கிறார்கள். அது எடை தாங்கும் அளவுக்கு ஒட்டுவதற்கே ஆறு வாரம் வேண்டும், முழு உறுதிக்குப் பல மாதம். கர்ப்பப்பை வாயையும் எடுத்ததால் பிறப்புறுப்புப் பாதையின் மேல்முனையிலும் ஒரு தையல் வரிசை இருக்கிறது. நீங்கள் பார்க்க முடியாத அந்தத் தையலுக்காகத்தான் நான்கைந்து கிலோவுக்கு மேல் தூக்காதே, குளத்திலோ தொட்டியிலோ இறங்காதே, உறவு வேண்டாம் என்றெல்லாம் சொல்கிறார்கள். லேப்ராஸ்கோப்பியில், அதாவது சின்னத் துளைகள் வழியாகக் கேமரா விட்டு, செய்தவர்களுக்கும் பிறப்புறுப்பு வழியாகவே எடுத்தவர்களுக்கும் வெளிக்காயம் சின்னது என்பதால் மூன்று நான்கு வாரத்தில் சுறுசுறுப்பாகிவிடுவார்கள். ஆனால் உள்ளே இருக்கும் அந்தத் தையல் அவர்களுக்கும் உண்டு. உடம்பு லேசாக இருக்கிறதே என்று அவர்கள்தான் அவசரப்பட்டுக் கனமானதைத் தூக்கிவிடுவார்கள்.

பழுப்பு நிறக் கசிவு ஆறு வாரம் வரை இருக்கலாம். இரண்டாவது வாரவாக்கில் கரையும் தையல் அவிழும்போது திடீரென்று கொஞ்சம் சிவப்பாகப் படுவதும் சகஜம். தழும்புக்கு மேலேயும் கீழேயும் மரத்துப்போன மாதிரி இருப்பது தோல் நரம்புகள் அறுபட்டதால். மாதக்கணக்கில் மெல்லத் தெளியும், சிலருக்கு ஒரு சின்ன இடம் மட்டும் மரத்தபடியே நின்றுவிடும்.

இப்போது சோர்வுக்கு வருகிறேன். பெண்கள் அதிகம் கேட்பதும் இதைத்தான், மருத்துவர்கள் சட்டென்று கடந்துபோவதும் இதைத்தான்.

அறுவை சிகிச்சைக்குப் பின் உடம்பு தன் ஆற்றலைப் பழுதுபார்க்கும் வேலைக்குத் திருப்பிவிடுகிறது, அதனால் சோர்வு, என்று சொல்வார்கள். சரிதான், ஆனால் உங்கள் விஷயத்தில் அது பாதிக் கதைதான். ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. மாதவிடாயில் 80 மில்லிலிட்டருக்கு மேல் போனால் அதிக உதிரப்போக்கு என்பது மருத்துவத்தில் பழைய அளவுகோல். மாதம் 150 மில்லி போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 75 மில்லிகிராம் இரும்பு வெளியேறுகிறது. சாப்பாட்டிலிருந்து உடம்பு எடுத்துக்கொள்வதோ ஒரு நாளைக்கு ஒன்றிலிருந்து இரண்டு மில்லிகிராம். வரவு முப்பதிலிருந்து அறுபது, செலவு எழுபத்தைந்து, அதுவும் இரண்டு வருடம். இருப்பு தீர்ந்துபோன நிலையில்தான் ஆபரேஷன் மேசைக்குப் போயிருக்கிறீர்கள். அங்கே வயிற்றைத் திறந்து செய்யும்போது சில நூறு மில்லி இழப்பது சாதாரணம். நானூறு மில்லி போனால் இன்னொரு 200 மில்லிகிராம் இரும்பு போயிற்று.

இந்தக் கடனை ஆறு வாரத்தில் அடைக்க முடியாது. அதனால் மதியத் தூக்கத்தைச் சோம்பல் என்று நினைத்து உங்களையே திட்டிக்கொள்வதற்கு முன் இரண்டு இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், ஹீமோகுளோபின், ஃபெர்ரிட்டின். கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் இரத்தசோகை. ஃபெர்ரிட்டின் என்பது சேமிப்பில் எவ்வளவு இரும்பு இருக்கிறது என்பதைக் காட்டும். ஹீமோகுளோபின் சரியாகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்திவிடுவது வழக்கமாக நடக்கும் தவறு, அதற்குப் பிறகும் சுமார் மூன்று மாதம் எடுத்தால்தான் சேமிப்பு நிறையும். மாத்திரை வயிற்றைப் புரட்டினாலோ மலச்சிக்கல் ஆக்கினாலோ ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுக்கலாமா என்று கேளுங்கள், அப்படி எடுத்தாலும் நன்றாகவே உட்கிரகிக்கப்படுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. காபி, டீயோடு சேர்த்து மட்டும் விழுங்காதீர்கள், அவை இரும்பை உறிஞ்சவிடாது. இவ்வளவுக்குப் பிறகும் சோர்வு தீரவில்லை என்றால் தைராய்டையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

இன்னொன்று. நடுவில் ஒரு நல்ல நாள் வரும். எழுந்ததும் தெம்பாக இருக்கும். உடனே துணி, பாத்திரம், அலமாரி என்று மூன்று வார வேலையை அன்றைக்கே முடித்துவிடத் தோன்றும். அடுத்த இரண்டு நாள் எழ முடியாது. அப்புறம் "திரும்பப் பழைய நிலைக்கே வந்துட்டேன்" என்று கலங்குவார்கள். நல்ல நாளிலும் சுமாரான நாளிலும் ஒரே அளவு செய்யுங்கள், வாரத்துக்கு ஒருமுறை அந்த அளவைக் கொஞ்சம் கூட்டுங்கள். நடைதான் இதற்கு ஏற்றது. பத்து நிமிடம் காலை, பத்து நிமிடம் மாலை என்று பிரித்து நடந்தால் போதும். மாடிப்படி ஏறலாம், அதற்குப் பயப்பட வேண்டாம். படுக்கையிலேயே கிடப்பதுதான் ஆபத்து, காலில் இரத்தம் உறையும்.

வயிறு உப்பலுக்கு மூன்று காரணம் சேர்ந்திருக்கிறது. மயக்க மருந்தும் வலி மாத்திரையும் குடலை மந்தமாக்கியிருக்கும், திசுக்களில் நீர் கோத்திருக்கும், வயிற்றுத் தசைகள் தளர்ந்திருக்கும். காலையில் தட்டையாக இருந்து மாலையில் உப்புவது இதன் அடையாளம். இரண்டு மூன்று மாதம் ஆகலாம். முக்கி மலம் கழிக்கும்படி மட்டும் விடக்கூடாது, உள்தையலுக்கும் அடியில் இருக்கும் தசைகளுக்கும் அது கெடுதல். நார்ச்சத்து, தண்ணீர், உட்காரும்போது பாதத்துக்குக் கீழே ஒரு சின்ன முக்காலி, இவை போதாவிட்டால் மலமிளக்கி. வெட்கப்பட வேண்டிய விஷயம் ஒன்றுமில்லை.

"கர்ப்பப்பை இருந்த இடம் காலியாக இருக்குமே" என்று பலர் பயப்படுகிறார்கள். சாதாரணக் கர்ப்பப்பை ஒரு கைமுட்டி அளவுதான். எடுத்த உடனேயே குடல் சரிந்து அந்த இடத்தை நிரப்பிவிடும். அங்கே எதுவும் தொங்கிக்கொண்டோ ஆடிக்கொண்டோ இருக்காது.

இரவு வியர்வை. சினைப்பைகள் இருக்கும்போது இது ஏன் என்று கேட்டிருந்தீர்கள். முதலில் ஒரு தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். காய்ச்சல் இருந்தால் அது தொற்று, வேறு கதை. காய்ச்சல் இல்லை என்றால் ஹார்மோன்தான்.

சினைப்பைக்கு இரத்தம் இரண்டு வழியில் வருகிறது. ஒன்று அதற்கென்றே பெருந்தமனியிலிருந்து நேரே வரும் குழாய், இன்னொன்று கர்ப்பப்பையின் இரத்தக் குழாயிலிருந்து பிரியும் கிளை. கர்ப்பப்பையை எடுக்கும்போது இரண்டாவது வழி கட்டி வெட்டப்படுகிறது. சினைப்பை இருந்த இடத்திலேயே இருந்தாலும் அதற்கு வரும் இரத்தம் குறைகிறது. பலருக்குச் சில வாரத்தில் சமாளித்துக்கொண்டு பழையபடி இயங்கும். சிலருக்கு இயற்கையாக ஓய வேண்டிய காலத்துக்கு முன்பே ஓய்ந்துவிடும். அமெரிக்காவின் வட கரோலினாவில் இதைத் தொடர்ந்து பார்த்தார்கள், 2011இல் முடிவு வெளிவந்தது. சினைப்பையை விட்டுவைத்துக் கர்ப்பப்பை எடுத்தவர்களில் நான்கு ஆண்டில் 14.8 சதவீதத்தினருக்குச் சினைப்பை ஓய்ந்திருந்தது. அறுவை செய்யாதவர்களில் அது 8 சதவீதம். இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவு, ஆனாலும் பெரும்பாலானவர்களுக்கு அது நடக்கவில்லை என்பதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

உங்கள் வயதில் இது தானாகவே தொடங்கும் மெனோபாஸின் முன்னோட்டமாகவும் இருக்கலாம். இதில் உள்ள சிக்கல், மாதவிடாய் என்ற அறிவிப்பு மணி இனி உங்களுக்கு இல்லை. நின்றுவிட்டதா, ஓடுகிறதா என்று வெளியிலிருந்து தெரியாது. மாதம் ஒருமுறை மார்பு கனப்பது, எரிச்சல் வருவது என்ற பழைய சுழற்சி தொடர்ந்தால் சினைப்பை வேலை செய்கிறது என்று அர்த்தம். உடம்பு திடீரென்று தகித்து வியர்ப்பது, தூக்கம் கலைவது, பிறப்புறுப்பு உலர்வது எல்லாம் சேர்ந்து மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் எஃப்.எஸ்.எச், அதாவது சினைப்பையைத் தூண்டும் ஹார்மோனை அளக்கும் இரத்தப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். அது ஏறி இறங்கும், ஒரே ஒரு தடவை எடுத்ததை வைத்து முடிவு செய்யக்கூடாது.

இதைப் படிக்கும் மற்றவர்களில் சினைப்பைகளையும் சேர்த்து எடுத்தவர்கள் இருப்பீர்கள். உங்களுக்கு இது வேறு விஷயம், அதிலும் 45 வயதுக்குள் என்றால் மிகவும் வேறு. பல வருடத்தில் மெல்ல நடக்க வேண்டிய மாற்றம் ஒரே நாளில் நடக்கிறது. வியர்வையும் தூக்கமின்மையும் கண்ணுக்குத் தெரிபவை. எலும்பு தேய்வதும் இதய நோய் வாய்ப்பு கூடுவதும் சத்தமில்லாமல் நடப்பவை. அதனால்தான், தடை ஏதும் இல்லாதவர்களுக்கு, இயற்கையாக மெனோபாஸ் வரும் 50, 51 வயது வரையாவது, சினைப்பை சுரந்துகொண்டிருந்த ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனை மருந்தாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. பலர் பயந்து மறுத்துவிடுகிறார்கள். அந்தப் பயம் 2002இல் தொடங்கியது. உமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ் என்ற பெரிய அமெரிக்க ஆய்வில் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டின் என்ற இன்னொரு ஹார்மோன் மருந்தும் சேர்த்து எடுத்தவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் கூடியது என்று ஆய்வின் அந்தப் பகுதியை நிறுத்தினார்கள். அது கர்ப்பப்பை உள்ள பெண்கள் எடுத்த கூட்டு மருந்து. கர்ப்பப்பை எடுத்த 10,739 பெண்கள் அதே ஆய்வின் வேறொரு பகுதியில் இருந்தார்கள், அவர்களுக்குப் பரிசோதித்தது ஈஸ்ட்ரோஜனை மட்டும். அவர்களிடம் மார்பகப் புற்றுநோய் கூடவில்லை, பின்னாளைய கண்காணிப்பில் குறைவாகவே இருந்தது. பக்கவாதம் கூடியதால் 2004இல் அதையும் நிறுத்தினார்கள், உண்மை. ஆனால் அந்தப் பெண்களின் சராசரி வயது 63க்கு மேல். 40 வயதில் சினைப்பை இழந்தவருக்கு அந்த எண்ணை அப்படியே பொருத்துவது சரியில்லை. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், இரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள் தனியாக ஆலோசிக்க வேண்டும். தோலில் ஒட்டும் பட்டையாகவோ ஜெல்லாகவோ எடுத்தால் இரத்தம் உறையும் வாய்ப்பு மாத்திரையைவிடக் குறைவு. எண்டோமெட்ரியோசிஸுக்காக (கர்ப்பப்பையின் உட்சுவர் போன்ற திசு வெளியே வளரும் நோய்) எடுத்திருந்தால் ஈஸ்ட்ரோஜனோடு வேறொரு ஹார்மோனும் சேர்க்க வேண்டியிருக்கலாம், சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

சரி, தாம்பத்தியம். இதைக் கேட்கவே கூச்சப்பட்டதாக எழுதியிருந்தீர்கள். அநேகமாக எல்லாரும் கூச்சப்படுகிறார்கள், அதனால்தான் பாதிப்பேர் பதில் தெரியாமலே வீட்டுக்குப் போகிறார்கள்.

எப்போது என்பதற்கு நாட்காட்டியைவிட மருத்துவரின் பரிசோதனைதான் பதில். பொதுவாக ஆறிலிருந்து எட்டு வாரம். லேப்ராஸ்கோப்பி, ரோபோ முறையில் செய்தவர்களுக்குச் சில மருத்துவர்கள் பன்னிரண்டு வாரம் வரை கேட்பார்கள், அந்த முறைகளில் உள்தையல் பிரியும் வாய்ப்பு சற்று அதிகம் என்பதால். தையல் பிரிவது அரிது. ஆனால் நடந்தால் அவசர நிலை. திடீரென்று இரத்தமோ நீரோ கொட்டுவது, கீழே ஏதோ இறங்குவது போன்ற உணர்வு, கடும் வலி, இவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எப்படி இருக்கும் என்பதற்கு நல்ல ஆய்வு ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை அறுவைக்கு முன்னும் பின்னும் இரண்டு வருடம் தொடர்ந்து கேட்டார்கள், 1999இல் வெளியானது. உறவின்போது அடிக்கடி வலி என்று சொன்னவர்கள் முன்பு 18.6 சதவீதம், இரண்டு வருடம் கழித்து 3.6 சதவீதம். யோசித்துப் பார்த்தால் இதில் ஆச்சரியமில்லை. கட்டியும் வலியும் எந்நேரமும் உதிரப்போக்கும் இருந்த உடம்பு அது. அந்தத் தொல்லை போனதும் விருப்பம் திரும்புகிறது. கர்ப்பப்பை வாயை விட்டுவைத்தால்தான் இன்பம் குறையாது என்று ஒரு நம்பிக்கை உண்டு. 2002இல் பிரிட்டனில் 279 பெண்களை இரு பிரிவாக்கிப் பார்த்தபோது, வாயை எடுத்தவர்களுக்கும் விட்டுவைத்தவர்களுக்கும் ஒரு வருடம் கழித்து உறவிலோ சிறுநீரிலோ மலத்திலோ வித்தியாசம் தெரியவில்லை. விட்டுவைத்தவர்களில் சுமார் 7 சதவீதம் பேருக்கு மாதாமாதம் கொஞ்சம் உதிரம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

எல்லாருக்கும் இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். உச்சத்தின்போது கர்ப்பப்பை சுருங்குவதை உணர்ந்து பழகியவர்களுக்கு ஒரு குறை தெரியலாம், அது கற்பனை அல்ல. சினைப்பை போனவர்களுக்கு உலர்வும் விருப்பக் குறைவும் உண்மையான பிரச்சினை. உலர்வுக்கு உள்ளே தடவும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் கிரீமும், உறவின்போது நீர் கலந்த வழவழப்பு ஜெல்லும் நன்றாக உதவும். முதல் சில தடவை ஆழமும் வேகமும் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கட்டும். கணவரும் பயந்துபோய்த்தான் விலகியிருப்பார், உங்களுக்கு வலித்துவிடுமோ, உள்ளே ஏதாவது கிழிந்துவிடுமோ என்று. அந்த விலகலைப் பெண்கள் "என்மேல் ஆசை போய்விட்டது" என்று படிக்கிறார்கள். ஆறாவது வாரப் பரிசோதனைக்கு அவரையும் அழைத்துப்போய் மருத்துவர் வாயாலேயே கேட்க வைத்தால் இருவர் பயமும் சேர்ந்து தீரும். பிறகு எப்போதாவது உறவுக்குப் பின் இரண்டு சொட்டு இரத்தம் வந்தால், தையல் முனையில் சிவந்த சதை வளர்ந்திருக்கலாம். மருத்துவர் சில்வர் நைட்ரேட் குச்சியால் தொட்டே சரிசெய்துவிடுவார். காட்டாமல் மட்டும் இருக்காதீர்கள்.

அழுகைக்கு ஒரே காரணம் தேடாதீர்கள். தூக்கமில்லை, இரும்பு இல்லை, ஹார்மோன் தடுமாறுகிறது, வீட்டில் எல்லாவற்றுக்கும் மற்றவரைக் கேட்க வேண்டியிருக்கிறது. இதற்கு மேல், இனிக் குழந்தை வேண்டாம் என்று முடிவு செய்து பல வருடம் ஆனவர்களுக்கும்கூட, முடியும் என்பது முடியாது என்று ஆகும்போது ஒரு துக்கம் இருக்கிறது. "இந்த வயசுல அது எதுக்கு?" என்று கேட்பவர்களுக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை. அறுவைக்கு முன்பே மனச்சோர்வு இருந்தவர்கள், குழந்தை வேண்டும் என்றிருந்தவர்கள், தங்களைக் கேட்காமல் மற்றவர்கள் முடிவெடுத்துவிட்டார்கள் என்று நினைப்பவர்கள், இவர்களுக்குத்தான் இது நீளும். மேரிலாந்துப் பெண்களிலேயே, பெரும்பாலானோருக்கு வலி, உதிரப்போக்கு, மனச்சோர்வு, பதற்றம் எல்லாம் குறைந்து வாழ்க்கைத் தரம் ஏறியிருந்தபோதும், சுமார் 8 சதவீதம் பேருக்கு ஒரு வருடம் கழித்தும் தொல்லைகள் குறையவே இல்லை. இரண்டு வாரத்துக்கு மேல் நாளின் பெரும்பகுதி இருண்டே இருந்தால், எதிலும் பிடிப்பில்லாமல் போனால் மனநல மருத்துவரைப் பாருங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலும் அன்றைக்கே யாரிடமாவது சொல்லிவிடுங்கள்.

இடுப்புத்தளத் தசைப் பயிற்சியைப் பற்றி யாரும் உங்களிடம் பேசவில்லை என்று நினைக்கிறேன், பெரும்பாலும் பேசமாட்டார்கள். சிறுநீர்ப்பை, பிறப்புறுப்பு, மலக்குடல் மூன்றையும் கீழிருந்து தாங்குவது அந்தத் தசைகள். ஸ்வீடனில் லட்சக்கணக்கான பெண்களின் பதிவுகளைப் பார்த்து 2007இல் வெளியான ஆய்வில், கர்ப்பப்பை எடுத்தவர்களுக்கு இருமினால் தும்மினால் சிறுநீர் கசிவதற்காகப் பின்னாளில் அறுவை தேவைப்படுவது மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. ஆகவே இப்போதே தொடங்குங்கள். காற்றும் சிறுநீரும் வெளியேறாமல் அடக்குவது போல் உள்ளே மேல்நோக்கி இழுங்கள், வயிற்றையோ தொடையையோ இறுக்காமல், மூச்சைப் பிடிக்காமல். சில விநாடி வைத்திருந்து முழுக்கத் தளர்த்துங்கள், மெல்லப் பத்து விநாடி வரை கூட்டலாம். பத்துத் தடவை நீளமாக, பத்துத் தடவை வேகமாக, ஒரு நாளைக்கு மூன்று வேளை. பலன் தெரிய மூன்று மாதம் ஆகும். சிறுநீர் கழிக்கும்போதே நடுவில் நிறுத்திப் பயிற்சி செய்யாதீர்கள். இருமல், தும்மல் வரும்போது முன்கூட்டியே இழுத்துப் பிடித்துக்கொள்ளும் பழக்கம் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

எதெல்லாம் காத்திருக்கக் கூடாதவை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட்டைத் தாண்டும் காய்ச்சல். ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் நனையும் இரத்தப்போக்கு. நாற்றமடிக்கும் கசிவு. குறைந்துகொண்டே வந்து திடீரென்று கூடும் வயிற்றுவலி. ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, மூச்சு வாங்குவது, நெஞ்சு வலி, இவை இரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போயிருக்கலாம் என்பதன் அடையாளம், ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. அப்புறம் பலர் தவறவிடுவது ஒன்று, பிறப்புறுப்பிலிருந்து தண்ணீர் மாதிரி விடாமல் ஒழுகுவது. வெள்ளைப்படுதல் என்று நினைத்துவிடுவார்கள். அறுவையின்போது சிறுநீர்ப்பையிலோ சிறுநீரகக் குழாயிலோ காயம் பட்டிருந்தால் ஓரிரு வாரம் கழித்துத்தான் இப்படி ஒழுகத் தொடங்கும். உடனே கண்டுபிடித்தால் சரிசெய்வது எளிது.

புற்றுநோய்க்காக எடுத்தவர்களுக்கு நான் மேலே சொன்ன காலக்கணக்கு பொருந்தாது. சுற்றுத் திசுவும் நிணநீர்க் கட்டிகளும் சேர்ந்து எடுக்கப்படுவதால் சிறுநீர் வரும் உணர்வு மந்தமாவது, கால் வீக்கம் போன்றவை வரலாம், கதிர்வீச்சு சேர்ந்தால் இன்னும் வேறு. அதை அவர்களின் மருத்துவக் குழுவோடுதான் பேச வேண்டும்.

ஆறாவது வாரம் போகும்போது அறுவைக் குறிப்பின் நகலையும் பயாப்சி அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள். கருக்குழாய்களையும் எடுத்தார்களா என்று அதில் இருக்கும். சினைப்பைப் புற்றுநோய் வாய்ப்பைக் குறைக்கும் என்பதால் இப்போதெல்லாம் பலர் அவற்றையும் எடுத்துவிடுகிறார்கள். கர்ப்பப்பை வாய் போய்விட்டதால், முன்பு அங்கே புற்றுக்கு முந்தைய மாற்றங்கள் இருந்ததில்லை என்றால், அந்த வாயின் புற்றுநோயைத் தேடும் பாப் பரிசோதனை இனி உங்களுக்குத் தேவையில்லை. வாயை விட்டுவைத்தவர்கள் தொடர வேண்டும்.

வேலைக்கு வருவோம். உட்கார்ந்து செய்கிற வேலை என்றால் வயிற்றைத் திறந்து செய்தவர்களும் ஆறு வாரத்தில் போய்விடலாம். நாள் முழுக்க நிற்பது என்றால் எட்டு வாரமாவது கேளுங்கள், ஹீமோகுளோபின் பத்துக்குக் கீழே இருந்தால் அதற்கு மேலும். விடுப்பு நீட்டிக்க மருத்துவச் சான்றில் "ஓய்வு" என்று மட்டும் எழுதாமல், எவ்வளவு எடை தூக்கக்கூடாது, தொடர்ந்து எவ்வளவு நேரம் நிற்கக்கூடாது, எத்தனை வாரத்துக்கு என்று எழுதித் தரச் சொல்லுங்கள். வேலை தருபவரிடம் வாதாட அதுதான் உதவும். முதல் இரண்டு வாரம் அரை நாள் கிடைக்குமா என்று பாருங்கள். கிடைக்காவிட்டால் வாரத்தின் நடுவில், புதன் அல்லது வியாழனில் சேருங்கள், இரண்டு மூன்று நாளிலேயே விடுமுறை வந்துவிடும். வண்டி ஓட்டுவதானால், சட்டென்று பிரேக்கை அழுத்தும்போது வயிறு சுண்டாமல் இருக்கிறதா என்று நின்ற வண்டியில் உட்கார்ந்து முதலில் அழுத்திப் பாருங்கள்.